உழைக்கும் குடும்பங்களின் வரலாற்றை ஆவணங்களில் தேடுதல்: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

குடும்ப வரலாறு என்பது ஒரு குடும்பத்தின் தலைமுறைகளை ஆவணங்கள், வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றின் துணையுடன் வரிசைப்படுத்தி அறியும் வரலாற்றுத் துறையாகும். அரச குடும்பங்களுக்கும் பாளையக்காரர்களுக்கும் கல்வெட்டு, செப்பேடு, வம்சாவளி போன்ற சான்றுகள் உண்டு. கூலி வேலை செய்தவர், ஏர் ஓட்டியவர், கப்பலேறிக் கரும்புத் தோட்டத்திற்குச் சென்றவர் ஆகியோருக்கு அத்தகைய சான்றுகள் இல்லை. எனினும் அவர்களுடைய பெயர்கள் எங்குமே எழுதப்படவில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. வரி வாங்கவும், வேலை வாங்கவும், கண்காணிக்கவும் பிறர் எழுதி வைத்த ஏடுகளில் அவை இடம்பெற்றுள்ளன. கள்ளக்குறிச்சிச் சமவெளியையும் அதை ஒட்டியுள்ள கல்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்த ஏடுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

இங்கிலாந்தின் எடுத்துக்காட்டு

உழைக்கும் மக்களின் குடும்ப வரலாற்றைத் தேடும் வழக்கம் இங்கிலாந்தில் பரவலாக உள்ளது. அங்கு 1538 முதல் ஒவ்வொரு பங்குக் கோயிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்யவேண்டும் என்று ஆணையிடப்பட்டது. 1837இல் அரசே பிறப்பு, திருமணம், இறப்புகளைப் பதியத் தொடங்கியது. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுவாரியாகப் பெயர்கள் எழுதப்பட்டன. நூறு ஆண்டுகள் கழித்து அந்த ஏடுகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு 2022இல் வெளியானது.

அங்கும் மிக ஏழைகளைப் பற்றிய விரிவான செய்திகள் வேறோர் ஏட்டில்தான் கிடைக்கின்றன. வறியவர் ஒருவருக்கு உதவி செய்யும் பொறுப்பு எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று முடிவு செய்ய, அவர் பிறந்த ஊர், வேலை செய்த இடங்கள், மணம் புரிந்த விவரம் ஆகியவற்றை அதிகாரிகள் விசாரித்து எழுதினர். செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்காக எழுதப்பட்டவை இன்று அந்த ஏழைகளின் வாழ்க்கை வரலாறாக நிற்கின்றன. ஆகவே ஓர் ஏழைக் குடும்பத்தைத் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது, "இவர்களைக் கணக்கில் வைக்க வேண்டிய தேவை அன்று யாருக்கு இருந்தது?" என்பதாகும். தமிழ்நாட்டுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

மாறிய மாவட்டங்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் இப்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 1993க்கு முன் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு வட்டமாக இருந்தது. ஆகவே தாத்தாவின் பத்திரத்தில் "தென்னாற்காடு ஜில்லா, கள்ளக்குறிச்சி தாலுகா" என்றும், தந்தையின் சான்றிதழில் "விழுப்புரம்" என்றும், பேரனின் சான்றிதழில் "கள்ளக்குறிச்சி" என்றும் இருக்கக்கூடும். மூன்றும் ஒரே ஊரைக் குறிப்பவையே. பழைய ஆவணங்களைத் தென்னாற்காடு என்ற தலைப்பின் கீழ்த் தேடவேண்டும். மாவட்ட ஆட்சியரின் பழைய பதிவுகள் பல சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

சமவெளியின் கிராமக் கணக்குகள்

கிராம முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும் நீண்ட காலம் ஊரின் ஏடுகளை வைத்திருந்தனர். பரம்பரையாக வந்த இப்பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி ஏற்படுத்தப்பட்டது. குடும்ப வரலாற்றுக்கு உதவும் ஏடுகளுள் முக்கியமானவை வருமாறு:

அ-பதிவேடு: புல எண், நிலத்தின் வகை, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவற்றைக் கொண்டது. பழைய அ-பதிவேட்டையும், 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திற்குப் பின் எழுதப்பட்டதையும் ஒப்பிட்டால், நிலம் எந்தத் தலைமுறையில் கைமாறியது என்பதை அறியலாம்.

அடங்கல்: எந்த நிலத்தில் என்ன பயிர் செய்யப்பட்டது என்பதை ஆண்டுதோறும் காட்டுவது.

பிறப்பு, இறப்புப் பதிவேடு: பழைய ஏடுகளில் குழந்தையின் பெயர் இராமல் "ஆண் குழந்தை" என்று மட்டும் எழுதி, தந்தை பெயரைக் குறித்திருப்பது வழக்கம். எனவே தந்தையின் பெயரையும் ஊரையும் கொண்டுதான் தேடவேண்டும்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு: மாணவரின் பெயர், தந்தை அல்லது காப்பாளர் பெயர், தொழில், பிறந்த தேதி ஆகியவை இதில் இருக்கும். ஆனால் பிறந்த தேதியை அப்படியே நம்பிவிடக் கூடாது. தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது நிரம்பிவிட்டது என்று கொண்டு, ஆசிரியரே பொருத்தமான ஒரு தேதியை எழுதிச் சேர்த்த காலம் உண்டு. ஒரே வகுப்பில் பலருக்கும் மே, ஜூன் மாதங்களில் பிறந்தநாள் இருப்பதற்கு அதுவே காரணம்.

இந்த ஏடுகளில் பெரிய குறை ஒன்று உள்ளது. பட்டாவிலும் அ-பதிவேட்டிலும் நிலம் உடையவர் பெயர்தான் இருக்கும். அந்த நிலத்தில் நாற்று நட்ட பண்ணையாளின் பெயர் இராது. நிலமற்ற குடும்பத்தை வீட்டுமனையான நத்தத்தின் பதிவுகளில் தேடவேண்டும். பட்டியல் சாதியினர்க்கு 1892ஆம் ஆண்டின் அரசாணைப்படி ஒதுக்கப்பட்ட நிலங்கள் பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் வழங்கப்படுகின்றன. சில குடும்பங்களின் பெயர் வருவாய்த் துறை ஏட்டில் முதன்முதலாக ஏறியது அத்தகைய நிலத்தின் வழியாகத்தான்.

கண்காணிப்புக்காக எழுதப்பட்ட ஏடுகளும் உண்டு. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பல சமூகத்தவரின் பெயரும் கைரேகையும் பதியப்பட்டன. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. அந்த ஏடுகளில் முன்னோரின் பெயரைக் காண்பவர், அது அவர் செய்த குற்றத்திற்குச் சான்றன்று என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். பிறப்பைக் குற்றமாக்கிய ஒரு சட்டத்திற்கே அது சான்று.

கப்பல் பட்டியல்கள்

நிலமற்றவரின் பெயர், ஊர், தந்தை பெயர் ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைக்கும் மிகச் சிறந்த ஆவணம் உள்ளூரில் இல்லை. கடல் கடந்து உள்ளது. அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின், பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டனர். தென்னாற்காடும் அவர்களைத் திரட்டிய மாவட்டங்களுள் ஒன்று.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குச் சென்ற முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவை எழுதப்பட்டன. தப்பி ஓடினால் அடையாளம் காண்பதற்கும் இவை பயன்பட்டன. இன்று கொள்ளுப் பேரனுக்கும் அதே விவரங்கள்தாம் வழிகாட்டுகின்றன.

மொரீசியசுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். அவர்கள் இறங்கிய படித்துறையான ஆப்ரவாசி காட் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்நாட்டின் குடியேற்ற ஏடுகள் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பிஜித் தீவுகளுக்கு 1879 முதல் 1916 வரை சுமார் 61,000 பேர் சென்றனர். சென்னையிலிருந்து அங்குக் கப்பல்கள் செல்லத் தொடங்கியது 1903இல்தான்.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணிகள் வழியாகச் சென்றவர்களின் நிலை வேறு. கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்து அழைத்துச் சென்றார். நேட்டாலுக்கு இருப்பது போன்ற விரிவான கப்பல் பட்டியல் இவர்களுக்கு இல்லை. இலங்கையில் தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' என்ற சீட்டும், கழுத்தில் அணிவிக்கப்பட்ட தகர வில்லையும் இருந்தன. இவர்களின் வரலாற்றுக்குத் தோட்டப் பதிவுகளையும் குடும்ப நினைவையுமே பெரிதும் நம்பவேண்டியுள்ளது.

பெயர்களில் வரும் சிக்கல்

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி எழுதினர். முனுசாமி 'மூன்சாமி' ஆனார்; இராமசாமி 'ராம்சாமி' ஆனார். தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் என்ற பட்டம் 'கவெண்டர்' என்றும், முதலி என்பது 'மூட்லி' என்றும், படையாட்சி என்பது 'படயாச்சி' என்றும் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. படையாட்சி என்பது தென்னாற்காட்டில் பரவலாக வழங்கும் பட்டம் என்பது உண்மையே. ஆனால் பட்டத்தை மட்டும் கொண்டு ஊரை முடிவு செய்யக் கூடாது. ஊர்ப் பெயர்களிலும் இதே எச்சரிக்கை தேவை. நல்லூர், புதூர், குப்பம், பாளையம் போன்றவை வட்டத்திற்கு வட்டம் உண்டு. தந்தை பெயர், தாலுகா, ஊர் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் ஒருவரை நம் முன்னோர் என்று ஏற்கலாம்.

பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். பட்டாவில் அவர்கள் பெயர் அரிது. 1951–52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலின்போது, தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வட மாநிலத்தவர். இதற்கு மாறாக, கப்பல் பட்டியலில் ஒவ்வொரு பெண்ணும் தன் பெயருடன் தனி எண்ணில் இருக்கிறாள். அவளும் ஒரு கூலி என்பதால் கிடைத்த பதிவு அது.

ஏடுகள் ஏறாத மலை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். இவர்கள் தமிழ் பேசுபவர்கள், கேரளத்தவர் அல்லர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் இப்பெயர் வழங்குகிறது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் என்பது அவர்களின் வாய்மொழி மரபு.

இம்மலை சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் நீண்ட காலம் இருந்தது. உழவர்களிடம் வரி வாங்கியவர்கள் அவர்களே. 1976இல்தான் ஜாகீர்கள் அரசின் நேரடி நிர்வாகத்திற்கு வந்தன. அதுவரை சமவெளியில் நடந்ததைப் போல் உழவர் பெயரில் அரசு பட்டா வழங்கி, கணக்கு எழுதி வரவில்லை. மலைக்கு அடியிலுள்ள ஊரில் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நில ஏட்டைக் காட்ட முடிகிற ஒரு குடும்பத்தையும், மலை மேல் அதைவிட நீண்ட காலம் உழுதும் ஒரு தாளும் இல்லாத குடும்பத்தையும் ஒரே நாளில் சந்திக்கலாம்.

இது ஆராய்ச்சியாளரின் சிக்கல் மட்டுமன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தை அனுபவித்து வரும் பழங்குடியினர் அந்நிலத்தின் மீது உரிமை கோரலாம். பிற மரபுவழி வனவாசிகள் 75 ஆண்டுக் குடியிருப்பைக் காட்டவேண்டும். இச்சட்டத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளில் 13ஆம் விதி, ஏற்கத்தக்க சான்றுகளைப் பட்டியலிடுகிறது. அரசிதழ்க் குறிப்பேடுகள், நில அளவை அறிக்கைகள் போன்றவற்றுடன், எழுத்தில் பதிவு செய்யப்பட்ட மூத்தோர் வாக்குமூலமும், பழைய ஏட்டில் பெயர் உள்ள ஒருவர் வரை செல்லும் குடும்ப வழிமுறையும் அதில் இடம்பெற்றுள்ளன. அதாவது, கொடிவழிப் பட்டியல் சட்டப்படி ஒரு சான்று.

சாதிச் சான்றிதழிலும் பழைய தாள்களுக்கு மதிப்பு உண்டு. பழங்குடிகள் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயர் தென்னாற்காடு, வட ஆற்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என்னும் மாவட்டங்களுடன் இணைத்தே குறிப்பிடப்பட்டுள்ளது. தென்னாற்காடு என்ற மாவட்டம் வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டாலும், சான்றிதழ் கேட்கும் மாணவருக்கு அப்பெயர் இன்றும் தேவைப்படுகிறது.

தேடும் முறை

மாணவர்கள் தம் குடும்பத்தின் வரலாற்றைத் தேடப் பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. வீட்டில் உள்ள மூத்தோரிடம் முதலில் கேட்கவேண்டும். பெயருடன் குலதெய்வம், பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர், பஞ்சம் அல்லது புயல் வந்த காலம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளவேண்டும். சொன்னவர் பெயரையும் கேட்ட தேதியையும் எழுதவேண்டும்.

2. வீட்டில் உள்ள தாள்களைத் திரட்டவேண்டும். பத்திரம், கடன் பத்திரம், பள்ளி மாற்றுச் சான்று, குடும்ப அட்டை, ஜாதகம் ஆகியவற்றுடன் மொய் நோட்டையும் மறக்கக் கூடாது. உறவினர் யார், எந்த ஊர் என்பதை அது போல விளக்கமாகக் காட்டும் ஏடு வேறில்லை.

3. கிராம நிர்வாக அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், பள்ளி ஆகியவற்றில் தொடர்ந்து தேடலாம்.

4. கப்பலேறிச் சென்றவர் பற்றிய பேச்சு குடும்பத்தில் இருந்தால், அவர் சென்ற நாட்டின் குடியேற்ற ஏடுகளைப் பார்க்கவேண்டும்.

5. அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கி, ஒரு தலைமுறை உறுதியான பின்பே அடுத்ததற்குச் செல்லவேண்டும்.

இங்கிலாந்தில் செய்வது போல மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேட இயலாது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் சட்டப்படி தனிநபர் விவரங்களைப் பிறர் பார்வையிட முடியாது.

ஆவணக் காப்பகத்தில் உள்ள தாள் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். மலையூரில் திண்ணையில் அமர்ந்து தன் பாட்டன், பூட்டன் பெயர்களை வரிசையாகச் சொல்லக்கூடிய முதியவர் அடுத்த ஆண்டு இருப்பார் என்பது உறுதியில்லை. எனவே மேற்கண்ட வரிசையில் முதல் பணியை மட்டுமாவது மாணவர்கள் இந்த விடுமுறையிலேயே செய்து முடிப்பது நல்லது.