மாளிகையும் லயமும்

மாத்தளை மாவட்டத்துக் குன்றுகளிலே துரைமார் வாழ்ந்த தோட்டப் பங்களாக்கள் பல நூறாண்டு கடந்து நிற்கின்றன. சில சிதைகின்றன, சில உல்லாசப் பயணிகளின் விடுதிகளாய்ப் புதுக்கோலம் பூண்டுள்ளன. அந்நிய ஆட்சியின் சின்னங்களைப் பேணுவானேன் என்று கேட்போர் நம்மிடையே உளர். பேணத்தான் வேண்டும், எவ்வளவைப் பேணுவது என்பதே வினா.

1830களிலிருந்து இங்குக் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்து ஏழை உழவர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே மாய்த்தன. எஞ்சியோரின் உழைப்பிலே பங்களா எழுந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1880இல் உக்குவளை வழியாக மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது. தேயிலையும் கொக்கோவும் றப்பரும் தோட்டங்களை நிறைத்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடைமை மாறினும் மேட்டிலே பங்களா, பள்ளத்திலே லயம் என்ற அமைப்பு மாறவில்லை.

பழங்கட்டடத்தின் முதற்பகை நீர். ஓடு ஒன்று நழுவினால் கைமரம் உளுக்கும். பீலி அடைபட்டால் சுவர் ஊறும். சுண்ணச்சாந்துச் சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளிவிடும். அதன்மேற் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் சுவரை அரிக்கும். ஆகவே, ஓயாத சிறு பராமரிப்பே உண்மையான பாதுகாப்பு. அன்று அதனைச் செய்த கைகளும் லயத்துக் கைகளே.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் நாளையே தொன்மையின் எல்லையாக வகுத்தது. பிற்காலக் கட்டடம் பாதுகாப்புப் பெற, நூறாண்டு கடந்திருப்பதோடு தனி அறிவித்தலும் வேண்டும். பங்களாவுக்காகப் பரிந்து பேசுவோர் உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவுக்காகப் பேசுவோர் அரியர். ஆனால், நினைவுச் சின்னத்தை அதன் வரலாற்றினின்றும் சூழலினின்றும் பிரித்தலாகாது என்று 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் கூறுகிறது. அவ்விதி லயத்துக்கும் பொருந்தும்.

லயத்தைக் காப்பதென்றால் மக்களை அதற்குள் அடைத்து வைப்பதென்று எவரும் கருதற்க. முதலில் அவர்களுக்குச் சொந்த நிலமும் நல்ல வீடும் கிடைக்கட்டும். பின்னர் ஒரு லய வரிசையேனும் பங்களாவோடு சேர்த்துக் காக்கப்படட்டும். பங்களா மட்டும் எஞ்சுமாயின், வருங்கால மாணவர் துரையின் வாழ்வை அறிவர். அவ்வாழ்வுக்கு விலை கொடுத்தவரை அறியார்.