முற்றுகையிட்டவரின் ஏட்டில் கெடா

கடாரம் என்றதும் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பை நினைவுகூர்கிறோம். அங்கிருந்து நேரே இரப்பர்த் தோட்டங்களுக்குத் தாவிவிடுகிறோம். 1821 முதல் 1842 வரை கெடா சயாமின் பிடியில் தவித்த காலம் நம் வகுப்பறைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. அக்காலத்தைக் கண்ணாற் கண்டு எழுதியவர்களுள் ஒருவர் சென்னையில் பிறந்தவர்.

அவர் செரார்ட் ஆஸ்போர்ன். 1822இல் ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்து, 1837இல் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்தார். மறு ஆண்டே துங்கு முகமது சாட் தலைமையில் கெடா மலாய்க்காரர்கள் எழுந்து, கோல கெடா கோட்டையை மீட்டனர். நாடிழந்த தம் சுல்தானுக்காக அவர்கள் நடத்திய போர் அது. ஆயினும் 1826இல் செய்துகொண்ட பர்னி உடன்படிக்கையின் வழியில் பிரித்தானியர் சயாமின் பக்கமே நின்றனர். ‘ஹயசிந்த்’ போர்க்கப்பலின் தலைவர் வாரன் கடற்கரையை முற்றுகையிட்டார். ‘எமரால்டு’ என்னும் பீரங்கிப் படகு ஆஸ்போர்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 16! அவருக்குக் கீழிருந்த படகோட்டிகள் மலாய்க்காரர்கள்.

கோட்டைக்கு அரிசியும் வெடிமருந்தும் கடல்வழியே சேராமல் தடுப்பதே முற்றுகையின் நோக்கம். 1839 மார்ச்சில் சயாமியப் படையிடம் கோட்டை வீழ்ந்தது. அந்த ஆண்டுகளில் கெடா மக்கள் பல்லாயிரவர் பினாங்குக்கும் செபராங் பிறைக்கும் அடைக்கலம் தேடி ஓடினர்.

தம் நாட்குறிப்புகளைக் கொண்டு ஆஸ்போர்ன் எழுதிய ‘குவெடா’ 1857இல் வெளிவந்தது. கொள்ளையர் என்று தம் நாட்டவர் பழித்த மலாய்க்காரரை அதில் அவர் மனமாரப் பாராட்டுகிறார். படகின் செராங்கு ஜாடியை அன்போடு வரைந்து காட்டுகிறார். இந்தப் பரிவு மெய்யானது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அது அச்சேறியது முற்றுகை முடிந்து 18 ஆண்டுகளுக்குப் பின்னர். நூலைப் படிக்கும் மாணவர் இதை மறத்தலாகாது. கோட்டைக்குள் பசித்திருந்தவர் எழுதியதன்று அது. வெளியே படகில் காவல் நின்றவர் எழுதியது.

பின்னர்ச் சீனப் போர், காணாமற்போன பிராங்க்ளினைத் தேடி வடதுருவப் பனிக்கடலில் பயணம், கிரீமியப் போர் என அவர் பணி விரிந்தது. 1867இல் கடலடித் தந்திக் கம்பி இடும் நிறுவனம் ஒன்றின் நிருவாக இயக்குநரானார். 1873இல் ரியர் அட்மிரல் பதவியும் பெற்றார். அந்நிறுவனம் 1870–71இல் இட்ட கம்பிகளுள் ஒன்று, அவர் பிறந்த சென்னையையும் கெடாவுக்கு எதிரே கிடக்கும் பினாங்கையும் இணைத்தது.