விளையாடியவர்கள் காத்த வரலாறு

‘விளையாட்டு வினையாகும்’ என்பது பெரியோர் வாக்கு. பிள்ளைகள் திரையின் முன் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பதைக் காணும் பெற்றோருக்கு இந்த வாக்கு உடனே நினைவுக்கு வரும். அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், வீடியோ விளையாட்டுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. அந்த வரலாற்றைக் காத்து வந்தவர்கள் யார்? விளையாட்டுகளை விற்றுப் பொருள் ஈட்டிய நிறுவனங்களா? பெரும்பாலும் இல்லை. விளையாட்டை வாழ்நாள் முழுவதும் நேசித்து, அதைப் பிறரோடு பகிர்ந்துகொண்டவர்களே அவர்கள்.

கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தது

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ‘பிடிபி-1’ என்ற கணினி இருந்தது. அதன் விலை சுமார் 120,000 டாலர். அந்தக் கணினியில் ஸ்டீவ் ரசல் என்ற இளைஞர் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விளையாட்டை எழுதினார். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்த முயல்வதுதான் ஆட்டம்.

ரசல் தொடங்கி வைத்ததை நண்பர்கள் வளர்த்தார்கள். பீட்டர் சாம்சன் உண்மையான வானத்தின் நட்சத்திரங்களைத் திரையில் பதித்தார். டேன் எட்வர்ட்ஸ் நடுவிலிருக்கும் சூரியனுக்கு ஈர்ப்பு விசையைத் தந்தார். இன்னும் இருவர் விண்கலத்தை இயக்கக் கைப்பெட்டிகளைச் செய்து கொடுத்தனர். இவர்களில் எவரும் அதை விலை பேசவில்லை. துளையிட்ட காகித நாடாவில் படியெடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அப்படியே அது மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது.

அதைக் கண்டு மகிழ்ந்தவர்களில் ஒருவர் நோலன் புஷ்னெல். அதைத் தழுவி 1971இல் நாணயம் போட்டு ஆடும் ஓர் இயந்திரம் வெளிவர அவர் காரணமானார். மறு ஆண்டு அட்டாரி நிறுவனத்தைத் தோற்றுவித்து, ‘பாங்’ விளையாட்டைக் கொண்டுவந்தார். இலவசமாகக் கைமாறிய ஒரு காகித நாடாவிலிருந்து ஒரு பெருந்தொழிலே கிளைத்தது எனலாம்.

குப்பைக்குப் போன சரக்கு

வணிகம் பெருகியது. 1978இல் ஜப்பானிலிருந்து ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வந்தது. 1980இல் ‘பேக்-மேன்’ வந்தது. ஆனால், 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. திரைப்படம் ஒன்றைத் தழுவி ஏறத்தாழ ஐந்தே வாரத்தில் எழுதப்பட்ட ‘ஈ.டி.’ விளையாட்டு எதிர்பார்த்த அளவுக்கு விலை போகவில்லை. அட்டாரி நிறுவனம் அதையும் வேறு பல விளையாட்டுகளையும் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமோகோர்டோ நகரக் குப்பைமேட்டில் புதைத்தது.

2014 ஏப்ரலில் அந்த மேடு தோண்டப்பட்டபோது சுமார் 1,300 விளையாட்டுப் பேழைகள் வெளியே வந்தன. அவற்றில் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நிறுவனத்திற்குக் கழிவாகத் தெரிந்தது, பின்னாளில் வரலாற்றுச் சான்றாகிவிட்டது.

எல்லை கடந்த நெகிழ்வட்டு

சந்தை சரிந்த மறு ஆண்டு, 1984இல், விற்பனை என்ற பேச்சே இல்லாத மாஸ்கோவில் அலெக்ஸி பஜிட்னோவ் என்ற ஆய்வாளர் ‘டெட்ரிஸ்’ விளையாட்டை உருவாக்கினார். வாடிம் கெராசிமோவ் என்ற பள்ளி மாணவர் அதை ஐபிஎம் கணினியில் ஓடும்படி மாற்றி எழுத உதவினார். நெகிழ்வட்டுகளில் நகலெடுக்கப்பட்டு, கைக்குக் கை மாறி, அது மாஸ்கோ முழுவதும் பரவியது. பின்னர் எல்லையும் கடந்தது. ஆனால், உருவாக்கியவருக்கு அதன் வருவாயில் பங்கு கிடைத்தது 1996இல்தான். பகிர்வு புகழைத் தந்தது. உழைப்புக்கு உரிய கூலியோ மிகவும் தாமதமாகவே வந்தது. பகிர்வைப் போற்றும்போது இந்த மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது.

இணையம் வந்த பின்னர் கைமாறும் வேகம் கூடியது. 1993 டிசம்பர் 10ஆம் நாள், ‘டூம்’ விளையாட்டின் முதல் பகுதி விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கணினியில் இலவசமாக ஏற்றப்பட்டது. அதை ஆடியவர்கள் தாங்களே புதிய களங்களை அமைத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டனர். 1999இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள், ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டை மாற்றியமைத்து ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ என்று இணையத்தில் வெளியிட்டனர். மறு ஆண்டே மூல விளையாட்டின் நிறுவனமான வால்வ் அதைத் தனது வெளியீடாக்கிக்கொண்டது. ரசிகர்களின் பொழுதுபோக்கு உலகப் போட்டிகளின் களமானது.

அழிவைத் தடுத்த ஆர்வலர்கள்

கடைகளில் நின்ற பழைய விளையாட்டு இயந்திரங்களின் கதி என்ன? பலகைகள் துருப்பிடித்தன, சில்லுகள் செயலிழந்தன, பெட்டிகள் பழைய இரும்பாகப் போயின. 1997 பிப்ரவரியில் நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர் ‘மேம்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். பழைய இயந்திரத்தின் உள்ளமைப்பைப் புதிய கணினி அப்படியே பின்பற்றி நடக்கச் செய்வதுதான் அதன் வேலை. பல நாட்டு ஆர்வலர்கள் ஊதியமின்றி உழைத்து, ஆயிரக்கணக்கான இயந்திரங்களின் அமைப்பை அதில் பதிவு செய்தனர். சிறுவயதில் நாணயம் போட்டு விளையாடியவர்கள் பலர், அந்தப் பற்று குறையாமல் இந்தப் பணியில் ஈடுபட்டார்கள்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. அந்த மென்பொருள் இலவசம். ஆனால், அதில் ஓடும் விளையாட்டுகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அனுமதியின்றி நகலெடுப்பது காப்புரிமைச் சட்டத்தை மீறும் செயல். அப்படியானால் வாங்கி ஆடலாமே என்று கேட்கலாம். வாங்குவதற்கு அவை கடையில் இருக்க வேண்டுமே! அமெரிக்காவில் 2010க்கு முன்னர் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்று வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளையின் 2023ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது. அவற்றை ஆய்வாளர்கள் நூலகங்களிலிருந்து தொலைவழியே பயன்படுத்த அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

விலை கொடுத்து வாங்கியதும் கையில் நிற்பதில்லை. 2014இல் வெளிவந்த ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் இணையச் சேவை 2024 மார்ச் 31ஆம் நாள் நிறுத்தப்பட்டதும், பணம் கொடுத்தவர்களுக்கும் அது ஆட முடியாததாகிவிட்டது. இதை எதிர்த்து எழுந்த ஐரோப்பிய மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்துகள் 10 லட்சத்தைத் தாண்டின.

படைத்தவரின் உரிமை காக்கப்பட வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால், விற்கவும் மாட்டோம், காக்கவும் விடமாட்டோம் என்றால் அந்தப் படைப்பின் கதி என்ன? நூலுக்கு நூலகம் இருப்பதுபோல் விளையாட்டுக்கும் ஒரு காப்பகம் வேண்டும். அதைச் சட்டமும் ஏற்க வேண்டும்.

பெற்றோரும் ஒன்றைக் கருதலாம். நேரத்திற்கு அளவு வைப்பது அவர்கள் கடமை. அந்த அளவுக்குள், தான் ஆடும் விளையாட்டை யார் உருவாக்கினார், அது எப்படி இயங்குகிறது என்று பிள்ளை தேடிப் படித்து, அதைப் பிறருக்கும் சொல்லித் தருமானால், அதை வீண்பொழுது என்று தள்ளிவிட வேண்டாம். ரசலும் அவருடைய நண்பர்களும் 1962இல் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.