எஞ்சினை இறக்க வீடு சம்மதிக்கணும்

ஃபார்முலா 1 பந்தயத்தைக் கொஞ்சமாவது பார்ப்பவர்களுக்கு லோட்டஸ், மெக்லாரன் ரெண்டு பேரும் தெரிஞ்சிருக்கும். லோட்டஸ் அணி 7 தடவை தயாரிப்பாளர் பட்டம் வாங்கிட்டு 1994 பந்தயப் பருவத்தோட கடையை மூடியது. மெக்லாரன் 2024-ல்கூட அந்தப் பட்டத்தை ஜெயிச்சது. ஒருத்தர் லண்டன்காரர், இன்னொருத்தர் நியூசிலாந்துக்காரர். ஆனா ரெண்டு பேருக்கும் பால பாடம் ஒண்ணுதான்: ஆஸ்டின் செவன் என்ற தக்கனூண்டு கார். ரெண்டு பேருமே அதோட எஞ்சினை வீட்டுப் பக்கத்து ஷெட்டில் இறக்கி, பிரிச்சு மேய்ஞ்சு, வேகமா ஓட வச்சவங்க.

எனக்குக் கார் சரித்திரம் படிக்கிறதுல ஒரு கிறுக்கு உண்டு. படிக்கிற புத்தகமெல்லாம் வண்டியைப் பத்தி எழுதும், ஓட்டினவரோட மேதைமையைப் பத்தி எழுதும். என் புத்தி மட்டும் வேற பக்கம் போகும். அந்த ஷெட் யாரோடது? தரையில எண்ணெய் கொட்டினப்போ யாரு பொறுத்துக்கிட்டாங்க? இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

முதல்ல கார்.

1921-ல் பிரிட்டனில் கார் வரியை மாத்தினாங்க. ஒரு குதிரைத் திறனுக்கு ஒரு பவுண்டு. இதுல வேடிக்கை என்னன்னா, அந்தக் குதிரைத் திறனை நிஜமா அளக்கமாட்டாங்க. சிலிண்டரோட விட்டத்தையும் எண்ணிக்கையையும் வச்சு ஒரு கணக்குப் போடுவாங்க, அவ்வளவுதான். சிலிண்டர் ஒல்லியா இருந்தா வரி குறைவு. ஹெர்பர்ட் ஆஸ்டினோட கம்பெனி அப்போ கடன்ல மூழ்கிக் கிடந்தது. சின்னக் கார் ஒண்ணு பண்ணலாம்னு அவர் சொன்னதை இயக்குநர் குழு ஏத்துக்கல. மனுஷன் விடல. ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயசுப் பையனைத் தன் வீட்டுக்கே கூட்டிட்டு வந்து, பில்லியர்ட்ஸ் அறையில உட்கார வச்சு வரைய வச்சார். செலவு சொந்தக் காசு. பின்னால விற்ற ஒவ்வொரு காருக்கும் 2 கினி ராயல்டி வாங்கிக்கிட்டார்ங்கறது தனிக்கதை. நாலு சிலிண்டர்தான் வைக்கணும்னு முதலாளிகிட்ட வாதாடி ஜெயிச்சது அந்தப் பையன்தான்.

ஆக, இந்த எஞ்சின் பிறந்ததே ஒரு வீட்டில்தான் :-)

1922-ல் வெளிவந்த கார் 1939 வரைக்கும் தயாரிப்பில் இருந்தது. சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் வண்டிகள். 747 சி.சி. எஞ்சின், ஆரம்பத்துல சுமார் 10 குதிரைத் திறன்தான். சிலிண்டர் விட்டம் 56 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போற தூரம் 76 மி.மீ. வரிக்குப் பயந்து ஒல்லியா, உயரமா வளர்ந்த எஞ்சின்.

இதை ஏன் வீட்டிலேயே பிரிக்க முடிஞ்சது? அடியில அலுமினிய கிராங்க் கேஸ். அதுக்கு மேல இரும்பு பிளாக், தனியா போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அதுக்கு மேல ஹெட், அதுவும் தனி. ஹெட் நட்டுகளைக் கழட்டினா வால்வுகள் கண்ணுக்குத் தெரியும், படிஞ்ச கரியைச் சுரண்டலாம், வால்வை பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாம். இன்னும் கொஞ்சம் தைரியம் இருந்தா பிளாக்கையே மேல தூக்கிடலாம். நாலு பிஸ்டனும் கனெக்டிங் ராடு மேல காளான் மாதிரி நிக்கும். மொத்த எஞ்சினையும் வெளியே எடுக்கணும்னாகூட கிரேன் வேண்டாம், ரெண்டு பேர் கை கொடுத்தா போதும்.

ஏன் அடிக்கடி பிரிக்க வேண்டி வந்தது? மூணு காரணம் சொல்றேன்.

ஒண்ணு, கிராங்க் ஷாஃப்ட். நாலு பிஸ்டன் சேர்ந்து குத்துற அந்தத் தண்டுக்கு ரெண்டு முனையிலும் ஒவ்வொரு இடத்துலதான் பேரிங் தாங்கல். நடுவுல ஒண்ணும் கிடையாது. மெதுவா ஓட்டுறவரைக்கும் பிரச்சினை இல்ல. வேகத்தைக் கூட்டினா நடுப்பகுதி பசங்க ஆடுற ஸ்கிப்பிங் கயிறு மாதிரி ஆட ஆரம்பிக்கும். ரொம்ப ஆசைப்பட்டா ஒடிஞ்சிடும்.

ரெண்டு, எண்ணெய். சாதாரண செவன்ல பம்ப் எண்ணெயை ரெண்டு சின்ன ஓட்டை வழியா கிராங்க்கை நோக்கிப் பீய்ச்சும். சுத்துற கிராங்க்ல இருக்கிற துளை அதைப் பிடிச்சுக்கும்னு ஒரு நம்பிக்கை. பிடிக்கலன்னா கனெக்டிங் ராடு பேரிங் உருகிடும். அந்தக் காலத்து பேரிங், ராட்டுக்குள்ள உருக்கி ஊத்தின வெள்ளை உலோகம். திரும்ப ஊத்தி, கையாலயே சுரண்டிச் சுரண்டி சரியான அளவுக்குக் கொண்டு வரணும். பொறுமைக்குப் பரீட்சை.

மூணு, மூச்சு. நாலு சிலிண்டருக்கும் சேர்த்து உள்ளே காத்து வர ரெண்டே வாசல். 1-ம் 2-ம் ஒரு வாசல், 3-ம் 4-ம் இன்னொண்ணு. எரியற வரிசை 1, 3, 4, 2. அதாவது ஒரே வாசலைப் பங்கு போடுற ரெண்டு பேரும் அடுத்தடுத்து மூச்சு இழுப்பாங்க. ரெண்டு பேருக்கும் பங்கு சமமா கிடைக்காது.

இப்படி மூணு ஊனம் உள்ள எஞ்சினைப் பந்தயத்துல ஓட்டணும்னா, ஓட்டுறவனே அதைப் புரிஞ்சுக்கணும். வேற வழியில்ல.

இதுல முதல் ஆளு அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மோரிஸ் மைனரையும் (1948), மினியையும் (1959) வடிவமைச்ச அதே இசிகோனிஸ். பிறந்தது இன்றைய துருக்கியின் இஸ்மிரில். 1922-ல் ஊரே போரில் எரிஞ்சப்போ குடும்பம் கிளம்பியது. வழியில் மால்டாவில் அப்பா இறந்துட்டார். அம்மா ஹுல்டாவும் பையனும் இங்கிலாந்து வந்து சேர்ந்தாங்க. 1930-களில் கெனில்வொர்த் ஊரில் அம்மாவோட குடியிருந்தப்போ, நண்பர் ஜார்ஜ் டௌசனோட சேர்ந்து ‘லைட்வெயிட் ஸ்பெஷல்’னு ஒரு பந்தயக் காரை வருஷக்கணக்கா கட்டினார். எஞ்சின் ஆஸ்டின் செவன். மெஷின் கருவி பெரிசா எதுவும் இல்லாம, பெரும்பாலும் கை வேலை. 1938-ல்தான் ஓடியது. ரப்பரை வச்சு சஸ்பென்ஷன் பண்ணலாம்ங்கற யோசனையை அதுல சோதிச்சுப் பார்த்தார். இருபது வருஷம் கழிச்சு மினியோட சக்கரங்களுக்கு மேல வந்தது ரப்பர் கூம்புதான். நாட்டை விட்டு, கணவனை இழந்து, புது ஊருக்கு வந்த ஒரு அம்மா, பையன் வருஷக்கணக்கா ஷெட்டில் இரும்பைத் தேய்ச்சுக்கிட்டு இருந்ததுக்கு இடம் கொடுத்தாங்க. மினியோட வரலாற்றுல இதுக்கு ஒரு வரி ஒதுக்கினா தப்பில்ல.

அடுத்தது கோலின் சாப்மன். 1947-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் எஞ்சினியரிங் படிச்சுக்கிட்டே பழைய கார் வாங்கி வித்துக்கிட்டிருந்தார். அந்த வருஷக் கடைசியில் அரசாங்கம் தனியார் கார்களுக்கான அடிப்படை பெட்ரோல் ரேஷனை நிறுத்திடுச்சு. பெட்ரோல் இல்லாத ஊர்ல பழைய காரை எவன் வாங்குவான்? வந்த விலைக்கு எல்லாத்தையும் தள்ளிவிட்டதுல, போணியாகாம ஒரு பழைய ஆஸ்டின் செவன் மிஞ்சியது. 1948-ல் அதைப் பிரிச்சு முதல் லோட்டஸைக் கட்டினார். எங்கே? மஸ்வெல் ஹில்லில், காதலி ஹேசல் வில்லியம்ஸோட அப்பா அம்மா வீட்டுக்குப் பின்னால இருந்த காரேஜில். கல்யாணம் நடந்தது 1954-ல்தான். வருங்கால மாப்பிள்ளை ஆவாரான்னே தெரியாத ஒரு பையன் நம்ம வீட்டு ஷெட்ல எஞ்சினைப் பரப்பிப் போட்டா நம்ம ஊர்ல என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க :-)

1951-ல் 750 மோட்டார் கிளப் பந்தயத்துக்காக மூணாவது கார். ஆஸ்டின் செவன் எஞ்சின்தான் வைக்கணும்னு விதி. இந்தத் தடவை வேலை நடந்தது வுட் கிரீனில், மைக்கேல், நைஜல்னு ரெண்டு ஆலன் சகோதரர்களோட வீட்டுப் பட்டறையில். அங்கே கருவிகள் அதிகம். மேலே சொன்ன மூணாவது ஊனத்துல சாப்மன் கை வச்சார். பிளாக்குல புதுசா ஓட்டை போடக் கூடாது. அதனால இருக்கிற வாசலுக்கு உள்ளேயே நடுவுல ஒரு தடுப்புத் தகடு வச்சு, ரெண்டு வாசலை நாலு மாதிரி வேலை செய்ய வச்சார். கூட்டுக் குடும்பத்துல நடுவுல சுவர் எழுப்பின கதைதான். நாலு சிலிண்டருக்கும் சமமா மூச்சு. அந்த வருஷம் மத்தவங்க அவரோட முதுகைத்தான் பார்த்தாங்க. அப்புறம் கிளப் என்ன பண்ணுச்சு? அந்தத் தடுப்பையே விதி போட்டுத் தடை பண்ணிடுச்சு. ஒரு மெக்கானிக்குக் கிடைக்கக் கூடிய மிகப் பெரிய பாராட்டு அதுதானே?

1952 ஜனவரி 1-ம் தேதி லோட்டஸ் எஞ்சினியரிங் கம்பெனி ஆரம்பிச்சது. இடம், ஹார்ன்ஸியில் சாப்மனோட அப்பா நடத்தின ரயில்வே ஹோட்டலுக்குப் பின்னால இருந்த பழைய குதிரை லாயம். முதலீடு, ஹேசல் கொடுத்த 25 பவுண்டு.

இப்போ பூமிப் பந்தோட அடுத்த பக்கம் போவோம். நியூசிலாந்து, ஆக்லாந்து நகரம், ரெமுவேரா பகுதி. லெஸ் மெக்லாரன் அங்கே பெட்ரோல் பங்கும் பட்டறையும் வச்சிருந்தார், குடும்பமும் அங்கேயேதான். பையன் புரூஸ், பிறந்தது 1937. ஒன்பது வயசுல பெர்தெஸ்னு இடுப்பு எலும்பு நோய். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரிப் படுக்கை. எழுந்து நடந்தப்போ இடது கால் வலது காலை விடக் குட்டை. ரக்பிதான் வாழ்க்கைன்னு இருக்கிற நாட்டுல ஓடி விளையாட முடியாத பையன்.

லெஸ் அப்போ ஒரு ஆஸ்டின் செவன் வாங்கினார். சாதாரண செவன் இல்ல, ‘அல்ஸ்டர்’னு சொல்லப்பட்ட பந்தய ரகம். 1929-ல் அல்ஸ்டரில் நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்துல சூப்பர்சார்ஜர் வச்ச செவன் பெரிய பெரிய வண்டிகளுக்கு நடுவுல 3-வது இடம் பிடிச்ச பெருமையில வந்த பேரு. ஆனா லெஸ் வாங்கினப்போ அது காராவே இல்ல. உதிரி உதிரியா, பெட்டி பெட்டியா வந்து இறங்கியது. அப்பாவும் பையனும் சேர்ந்து மாசக்கணக்கா அதைப் பூட்டினாங்க. பூட்டி முடிச்சு ஓட்டிப் பார்த்த அப்பாவுக்கு வண்டியோட போக்கு பிடிக்கல, வித்துடலாம்னார். பையன் விடல. வீட்டுக்குப் பின்னால பழ மரங்களைச் சுத்தி எட்டு வடிவத்துல ஒரு தடம் போட்டு ஓட்டிப் பழகினான். 1952-ல், 15 வயசு வாக்கில், முரிவாய் மலையேற்றப் பந்தயத்துல அதே வண்டியோட இறங்கினான்.

அதோட நிக்கல. ஹெட்டைக் கழட்டி, எரியற அறையை வெண்கலத்தால நிரப்பி, ராவி ராவி வேற வடிவம் கொடுத்தான். அறை சின்னதானா அழுத்தம் கூடும், வேகம் கூடும். பாடப் புத்தகத்துல ஒரு வரி, ஷெட்ல பல ராத்திரி. அப்பாவோட கடையில, அப்பாவோட கருவியில, அப்பா வித்துடலாம்னு சொன்ன வண்டியில!

அந்தப் பையன் 22 வயசுல, 1959-ல், அமெரிக்காவின் செப்ரிங்கில் ஃபார்முலா 1 பந்தயத்தை ஜெயிச்சார். மிக இளம் வயது வெற்றி என்ற அந்தச் சாதனை 2003 வரைக்கும் நின்னது. 1963-ல் சொந்த அணி. 1968-ல் பெல்ஜியத்துல தன் பேரு போட்ட காரிலேயே வெற்றி. 1970 ஜூன் 2-ம் தேதி இங்கிலாந்தின் குட்வுட் தடத்தில் சோதனை ஓட்டத்துல இறந்தப்போ வயசு 32. வோக்கிங்ல இருக்கிற மெக்லாரன் தலைமையகத்துல பட்டம் வாங்கின கார்களோட வரிசையில அந்தக் குட்டி அல்ஸ்டரையும் வச்சாங்க.

இதையெல்லாம் படிச்சுட்டு ‘அந்தக் காலம் பொற்காலம்’னு புலம்ப எனக்கு இஷ்டமில்ல. இன்னிக்கு எஞ்சின் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஹெட்டைத் திறக்காம ஓடுது. உருகிப் போற பேரிங், ஒடியற கிராங்க் யாருக்கு வேணும்? இன்னொண்ணும் சொல்லணும். செவனைப் பிரிச்சவங்க ஆயிரக்கணக்குல இருந்திருப்பாங்க. அத்தனை பேரும் சாப்மன் ஆகல. பலருக்கு மிஞ்சினது கறுத்த நகமும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எஞ்சின் திரும்ப உயிர் பிடிச்ச சந்தோஷமும்தான். அது ஒண்ணும் சின்ன விஷயம் இல்ல.

எனக்குத் தோணுறது இதுதான். நல்லா ஓடற எஞ்சின் எதையும் கத்துக் கொடுக்காது. பழுதாகிற, ஆனா திறக்க முடிகிற எஞ்சின்தான் வாத்தியார். அந்த வாத்தியாருக்கு ஒரு வகுப்பறை வேணும். அதை எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்கல. ஹுல்டா கொடுத்தார், ஹேசல் வீட்டார் கொடுத்தாங்க, ஆலன் சகோதரர்களும் லெஸ்ஸும் கொடுத்தாங்க. நம்ம வீடுகள்ல பையனோ பொண்ணோ மிக்ஸியைப் பிரிச்சாலே ‘படிக்கிற வேலையைப் பாரு’ன்னு சத்தம் வரும். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சும் ஒரு ஹெட் நட்டைக்கூடக் கழட்டிப் பார்க்காதவங்களை எனக்குத் தெரியும். அவங்களுக்கு அறிவு குறைச்சல் இல்ல. எண்ணெய் கொட்டலாம்னு சொல்ற ஒரு தரைதான் கிடைக்கல.

உங்க வீட்ல அப்படி ஒரு தரையை விட்டுக் கொடுத்தவங்க யாராவது இருந்தா, பின்னூட்டத்துல அவங்களைப் பத்தி ரெண்டு வரி எழுதுங்க. வண்டிப் பேரு இல்லன்னாலும் பரவாயில்ல.