குருதி நுண்ணுலோகங்களும் நாள்பட்ட நுரையீரல் நோய்களும்: சவ்வாது மலையை முன்னிறுத்திய வரலாற்று நோக்கு

முன்னுரை

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது சவ்வாது மலை. செங்கண்மா நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட மலைபடுகடாம் குறிப்பிடும் சேயாறு இம்மலையில் தோன்றுகிறது. இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் சாமையை விளைவித்து விறகடுப்பில் சமைத்து வாழ்ந்து வருபவர்கள். உண்ணும் தானியம் குருதியின் உலோக அளவையும், அடுப்புப் புகை நுரையீரலையும் பாதிக்கக்கூடியவை. நுண்ணுலோகங்கள் நுரையீரல் நோயின் குறிகளாகக் கருதப்பட்ட வரலாற்றையும், அக்குறிகளை இம்மக்களிடத்துப் பொருள்கொள்ளும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவீட்டின் வரலாறு

நோய்த்தொற்றின்போது குருதிநீரில் இரும்பு குறைந்து செம்பு கூடுவதை ஜெர்மானிய மருத்துவர் ஹைல்மேயர் தம் குழுவினருடன் 1941இல் நூலாக வெளியிட்டார். செம்பைத் தாங்கும் செருலோபிளாசுமின் என்னும் புரதத்தை 1948இல் சுவீடனின் ஹோல்ம்பெர்க்கும் லாரெலும் பிரித்தெடுத்தனர். 1955இல் ஆலன் வால்ஷ் அறிவித்த அணு உறிஞ்சல் முறை, சிறிதளவு குருதியிலும் உலோகங்களை அளக்க வழிவகுத்தது. பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத், ஈரானில் வளர்ச்சி குன்றிய இளைஞர்களை ஆராய்ந்து, அதற்குத் துத்தநாகக் குறைவு காரணமாகலாம் என 1961இல் கருதினார். தானியத்திலுள்ள பைட்டேட் துத்தநாகத்தைப் பிணைத்துக் குடல் அதனை உறிஞ்சாதவாறு தடுக்கிறது. சிறுதானியங்களிலும் பைட்டேட் உண்டு.

1959: இரு இந்திய ஆய்வுகள்

சென்னைக் காசநோய் வேதிமருத்துவ மையம் 1956இல் தொடங்கப்பட்டது. அங்கு 193 நோயாளிகளிடம் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 1959இல் வெளிவந்தது. வீட்டில் எளிய உணவுண்டு மருந்துட்கொண்டோர், சானடோரியத்தில் நல்லுணவு பெற்றோருக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தனர். மருந்து முறையாகக் கிடைத்தால் உணவுக்குறை குணமடைதலுக்குத் தடையாகாது என்பது இதனால் புலனாயிற்று. அதே ஆண்டில் பத்மாவதியும் பாடக்கும் தில்லியில் நுரையீரல் நோயால் இதயம் பழுதுற்ற 127 பேரைப் பற்றி எழுதினர். புகைபிடிக்காத பெண்களிடமும் இந்நோய் காணப்பட்டதால் அடுப்புப் புகை ஐயத்திற்குள்ளாயிற்று. 2011இல் வெளியான திருவள்ளூர் மாவட்ட ஆய்வு, புகைபிடிக்காத 900 கிராமப் பெண்களுள் 2.44 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்ததைக் காட்டிற்று.

குறியைப் பொருள்கொள்ளும் முறை

காசநோயில் குருதிநீரின் செம்பு உயர்ந்து துத்தநாகம் தாழ்கிறது. அழற்சியின்போது கல்லீரல் செருலோபிளாசுமினை மிகுதியாகச் சுரப்பதும், துத்தநாகத்தைத் தன்னுள் ஈர்த்துக்கொள்வதும் இதற்குக் காரணங்களாகும். எனவே செம்பு-துத்தநாக விகிதம் உயர்கிறது. சிகிச்சை பலிக்கும்போது பெரும்பாலும் இறங்குகிறது.

ஆயினும் இம்மாற்றங்கள் நுரையீரல் நோய்க்கு மட்டுமே உரியவை அல்ல. பைட்டேட் மிகுந்த உணவும் துத்தநாகத்தைக் குறைக்கும். கருவுற்ற பெண்ணுக்கு நோயின்றியே செம்பு உயர்ந்து துத்தநாகம் தாழும். ஆகவே சாமை உண்டு விறகடுப்பின்முன் அமரும் கருவுற்ற பெண்ணின் குருதியை ஒருமுறை மட்டும் அளந்து முடிவுரைத்தால், நலமுள்ளவளை நோயாளி எனக் கொள்ள நேரும். புகையிலையோடு குருதியில் சேரும் காட்மியமோ புகைபிடிப்பவரைக் காட்டும் குறி. அது தாழ்ந்திருப்பதைக் கொண்டு, புகைபிடிக்காத பெண்ணின் நுரையீரலை அடுப்புப் புகை தீண்டவில்லை எனத் துணிதல் பிழையாகும்.

முடிவுரை

ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு உணவுப்பொருளும் நுண்ணூட்டமும் வழங்கியபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்ததாக 2023இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. இது சென்னை ஆய்வுக்கு முரணன்று. நோயுற்றவர் குணமடைவது மருந்தைப் பெரிதும் சார்ந்தது. யார் நோயுறுவார் என்பதில் உணவுக்கும் பங்குண்டு. சளி ஆய்வும் மூச்சளவுச் சோதனையுமே நோயை அறியும் வழிகள். நுண்ணுலோக அளவு, அவ்வாறு அறியப்பட்ட ஒருவரின் சிகிச்சைப் போக்கைத் தொடர்ந்து நோக்கத் துணைபுரியும். மலையில் வாழ்வோரின் உணவையும் அடுப்பையும் அறியாமல் அவர்தம் குருதியின் அளவுகளுக்குப் பொருள் கூறுவது முறையாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.