பழைய நேரம், புதிய நேரம்

1996ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி இரவு இலங்கை அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. நள்ளிரவு பன்னிரண்டு மணி, ஒரு மணியாயிற்று. விடிந்தது சனிக்கிழமை. மூதூரில் எங்கள் பள்ளிவாசலில் முதல்நாள் நாலரை மணியளவில் ஒலித்த சுபஹ் பாங்கு அன்று ஐந்தரை மணியளவில் ஒலித்தது. மோதினார் வழமையான வேளைக்குத்தான் எழும்பியிருந்தார். சுவரில் தொங்கிய தொழுகை நேர அட்டவணையின் கீழ் யாரோ பென்சிலால் ‘ஒரு மணி கூட்டுக’ என்று எழுதி வைத்தார்கள். ஒக்டோபரில் அது அழிக்கப்பட்டு ‘அரை மணி கூட்டுக’ என்றானது. அந்த வரி பத்தாண்டுகள் அங்கே இருந்தது.

பகலொளியைச் சேமிக்க மணிக்கூட்டை மாற்றுவது தகுமா, தகாதா என்று மேற்கு நாடுகளில் இன்றும் விவாதிக்கிறார்கள். நம் நாட்டிலும் மின்சார நெருக்கடி வரும்போதெல்லாம் இந்த யோசனை பேச்சில் தலைகாட்டுகிறது. நாம் இதை இரண்டு முறை செய்து பார்த்தவர்கள். அந்த அனுபவத்தை எங்கள் துறைமுகக் கரையிலிருந்து பதிவு செய்வது பயனுடையது என்று எண்ணுகிறேன்.

கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரத்தை இலங்கை 1906இல் ஏற்றுக்கொண்டது. அந்நேரத்துக்குரிய தீர்க்கரேகை கிழக்கு எண்பத்திரண்டரைப் பாகை. திருகோணமலை எண்பத்தொன்றேகால் பாகைக்கு அண்மையில் இருக்கிறது. ஆகவே சராசரியாகப் பார்த்தால் எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதற்கும் மணிக்கூடு பன்னிரண்டு காட்டுவதற்கும் இடையில் ஐந்து நிமிடம்தான் வித்தியாசம். இவ்வளவு பொருத்தமான நேரம் ஒரு நாட்டுக்கு வாய்ப்பது அரிது.

மணிக்கூட்டை நகர்த்தும் வழக்கம் யுத்தத்தின் பிள்ளை. முதலாம் உலகப் போரில் நிலக்கரியை மிச்சப்படுத்த 1916 ஏப்ரல் 30இல் ஜேர்மனி அதைத் தொடங்கியது. மூன்று வாரங்களில் பிரித்தானியா பின்தொடர்ந்தது. இலங்கைக்கும் அது இன்னொரு யுத்தத்தோடுதான் வந்தது. 1942 ஜனவரியில் அரை மணித்தியாலமும் அதே ஆண்டு செப்டெம்பரில் மேலும் அரை மணித்தியாலமும் கூட்டப்பட்டன. அவ்விரண்டுக்கும் இடையில், ஏப்ரல் 9ஆம் திகதி, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. என் மூத்தாப்பா அக்காலத்தில் துறைமுகத்தில் கூலி வேலை செய்தவர். நேரம் மாறியது பற்றிக் கேட்டால், “அது வெள்ளக்காரன்ட மணி. சங்கு ஊதினாப் போவோம், பொழுது பட்டா வருவோம்” என்பார். 1945 ஒக்டோபரில் பழைய நேரம் திரும்பியது.

1996இல் நேரத்தை மாற்றுவதற்குச் சொல்லப்பட்ட காரணம் மின்சாரம். அப்போது நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்தே வந்தது. மழை பொய்த்தது, நீர்மட்டம் இறங்கியது, நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் மின்வெட்டு நடந்தது. வீடுகளில் விளக்கெரியும் மாலை வேளையில்தான் மின்தேவை உச்சத்துக்குப் போகிறது. மணிக்கூட்டை முன்னே தள்ளினால் இருட்டு ஏழரை மணியளவில் வரும், மக்களோ வழமைபோல் பத்து மணிக்குப் படுப்பார்கள், ஒரு மணித்தியால விளக்கு மிச்சம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு முற்றிலும் பொய்யன்று. எனக்கு அப்போது பதினேழு வயது. ஏழேகால் தாண்டியும் மைதானத்தில் பந்து கண்ணுக்குத் தெரிந்தது. மஃரிபுக்குப் பின்னும் இரவு நெடுகக் கிடந்த காலம் போய், சாப்பிட்டுப் படுக்கும் நேரம் வந்துவிடும். அந்த மாலைகளை நான் விரும்பினேன் என்பதை மறைக்கக் கூடாது.

ஆனால் கணக்கின் மறுபாதி காலையில் இருந்தது. இலண்டனில் ஜூன் மாதத்தில், மணிக்கூட்டை மாற்றாவிட்டால் நாலு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். ஊர் தூங்கும்போது வெளிச்சம் வீணாகிறது. அதை மாலைக்கு நகர்த்துவதில் நியாயம் உண்டு. எங்கள் ஊரிலோ ஆண்டு முழுவதும் பழைய நேரப்படி சூரிய உதயம் 5.45க்கும் 6.25க்கும் இடையில்தான் ஊசலாடுகிறது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சூரியன் உதிக்கும்போது கடலுக்குப் போனவன் கரைக்கு வந்துகொண்டிருப்பான், சுபஹ் தொழுதவர் தேநீர் குடித்து முடித்திருப்பார், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். சேமிப்பதற்கு நம்மிடம் வீணாகும் வெளிச்சம் இல்லை. மாலையில் அணைத்த விளக்கைக் காலையில் ஏற்ற வேண்டியதாயிற்று.

எதிர்ப்பு எழுந்ததால் அரசாங்கம் 1996 ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. பாதிச் சுமை குறைந்தது என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள். ஆனால் ஜூன் மாதத்தைவிட ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சூரியன் தானாகவே அரை மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி உதிக்கிறது. கிடைத்த சலுகையை அந்த மாதங்கள் விழுங்கிவிட்டன. முழு மணித்தியாலம் கூட்டியிருந்த ஜூனில் சூரியன் 6.50 அளவில் உதித்தது. அரை மணித்தியாலம் மட்டும் கூட்டிய பெப்ரவரியில் உதித்தது 6.55க்கு. பாடசாலை தொடங்குவது 7.30க்கு.

1998 பெப்ரவரியில் நோன்பு விடுமுறை முடிந்து பாடசாலை திறந்தபோது என் தங்கச்சி ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பில் இருந்தாள். மேலதிக வகுப்பு 6.45க்குத் தொடங்கும். வீட்டிலிருந்து ஆறேகாலுக்கு முன் புறப்பட வேண்டும். இருட்டு. வழியில் ஒரு காவலரண் இருந்தது. வாப்பா பள்ளியிலிருந்து வந்து அரிக்கன் லாந்தரை எடுத்துக்கொண்டு அவளோடு நடப்பார். காவலரண் நெருங்கியதும் லாந்தரைப் பாதைக்குப் பிடிக்காமல் உயர்த்தித் தன் முகத்துக்கு நேரே பிடிப்பார். பிறகு குனிந்து தங்கச்சியின் வெள்ளைச் சீருடைக்கு நேரே பிடிப்பார். வருவது யார் என்று உள்ளிருப்பவனுக்குத் தெரிய வேண்டும். அன்று கொழும்பில் எத்தனை விளக்குகள் மிச்சமாயின என்பதை நான் அறியேன். எங்கள் வீட்டில் ஒரு விளக்கு கூடுதலாக எரிந்தது.

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு விசேடமும் இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பிரதேசங்கள் இந்த நேர மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே நீடித்தது. 2002 போர்நிறுத்த ஒப்பந்த காலத்தில் மூதூர் அரசாங்கத்திடமும், சில மைல் தள்ளியிருந்த சம்பூர் புலிகளிடமும் இருந்தன. கொட்டியாரக்குடாவின் ஒரே கரையில் இரண்டு நேரம். கலியாணத்துக்குச் சொன்னாலும் கூட்டத்துக்குச் சொன்னாலும் “பழைய நேரமா, புதிய நேரமா?” என்று கேட்காமல் முடியாது. நேரத்தைச் சொல்வதே ஆட்சியைச் சொல்வதாயிற்று.

வாப்பாவின் வயல் அந்தப் பக்கம் இருந்தது. சாவடி மூடும் நேரத்தை ஒருமுறை பழைய நேரமென்று நினைத்துவிட்டார். அரை மணி பிந்தியதால் அன்றிரவு வாடியிலேயே தங்கினார். இங்கே உம்மா விடியும்வரை கண் மூடவில்லை. 2003 நோன்பு மாதத்தில் அதே வயலில் அவர் நோன்பு துறந்தபோது அவ்விடத்து மணிக்கூடு ஆறுக்குக் கால் மணி முன்னே காட்டியது. எங்கள் வீட்டு மணிக்கூடு ஆறேகால் காட்டியது. பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தது ஒரே கணத்தில்தான்.

2006 ஏப்ரல் 15ஆம் திகதி, புத்தாண்டுக்கு மறுநாள், இலங்கை மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. நான் அப்போது ஆசிரியர் கலாசாலை முடித்து வந்த இளம் ஆசிரியன். மாவட்டம் முழுவதும் ஒரே நேரம் வந்துவிட்டது என்று வகுப்பில் மகிழ்ச்சியோடு சொன்னேன். பத்து நாட்களில் சம்பூர்ப் பக்கம் விமானக் குண்டுகள் விழுந்தன. ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் ஊரையே விட்டுக் கந்தளாய்க்கு நடந்தோம். மணிக்கூடுகள் ஒத்துப்போனதை மனிதர்கள் ஒத்துப்போனதாக எண்ணியது என் பிழை.

முஸ்லிம் நாடுகளின் அனுபவமும் நோக்கத்தக்கது. மின்சாரத்துக்காகவே பங்களாதேஷ் 2009 ஜூனில் ஒரு மணித்தியாலம் முன்னே போய், குளிர்காலம் வந்ததும் டிசம்பர் முடிவில் திரும்பிவிட்டது. மொரோக்கோ 2018இல் முந்திய நேரத்தை ஆண்டு முழுவதற்கும் ஆக்கிக்கொண்டது. ஆனால் றமழான் வந்தால் மட்டும் பின்னே இழுக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டது. சூரியனோடு வாழும் மாதத்தில் அந்த மணிக்கூடு உதவாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றமே 2019இல் இவ்வழக்கத்தைக் கைவிட வாக்களித்தது.

மின்சாரத்தின் கதையும் இப்போது மாறிவிட்டது. 2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. காரணம் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமை. மணிக்கூட்டில் கைவைக்க யாரும் துணியவில்லை. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. நண்பகலில் மின்சாரம் மிகையாகி, இருட்டியதும் குறைகிறது. அதைத் தேக்கிவைக்கும் மின்கலங்கள்தான் வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. பகலுக்கும் இரவுக்கும் இடையில் பெரும் ஏற்றத்தாழ்வு உள்ள நாடுகள் தங்கள் வசதிப்படி முடிவு செய்யட்டும். நம் நாட்டுக்கு இது வேண்டாம். வேலை நேரத்தை மாற்றுவது அவசியமானால், “அலுவலகம் ஏழு மணிக்குத் திறக்கும்” என்று வெளிப்படையாகச் சொல்லி மாற்றலாம். அதைப் பற்றி மக்கள் வாதாடலாம், பாடசாலைகளுக்கு விலக்கும் கேட்கலாம். மணிக்கூட்டை மாற்றும்போது அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போகிறது. சுமை யார் தலையில் விழுகிறது என்பதும் மறைந்துவிடுகிறது. அது முதலில் எழும்பும் தாய்மார் மீதும் பாடசாலைப் பிள்ளைகள் மீதும்தான் விழுந்தது.

இன்று அதே பாதையில் என் மாணவர்கள் வருகிறார்கள். பெப்ரவரியிலும் ஏழு மணிக்கு நல்ல வெயில். காவலரண் இருந்த இடத்தில் ஆடுகள் மேய்கின்றன. பள்ளிவாசல் சுவரில் இப்போதுள்ள அட்டவணை புதியது. அதன் கீழ் யாரும் எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை.