காற்றில்லாக் கூடத்தில் பறக்கும் ஒரு கிராம் விமானம்

இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கு அருகே, பாக் நீரிணையை ஒட்டி அமைந்துள்ளது காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குப் பெயர் பெற்ற மீனவ ஊர். அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் தனித்தனிப் பெயரிட்டு, அதன் போக்கறிந்து தொழில் செய்பவர்கள் அக்கடற்கரை மக்கள். பாய் விரிக்கவும் காற்று வேண்டும். பட்டம் விடவும் காற்று வேண்டும். ஆனால் காற்றே வீசாத இடத்தைத் தேடிச் செல்லும் பறக்கும் போட்டி ஒன்றும் உலகில் நடந்து வருகிறது. அதுதான் உள்ளரங்க மாதிரி விமானப் போட்டி.

இப்போட்டியில் பறக்கும் விமானத்தின் எடை ஏறத்தாழ ஒன்றரை கிராம். ஒரு ரூபாய் நாணயத்தின் எடையில் பாதிகூட வராது. ஆனால் அதன் சிறகோ அரை மீட்டருக்கும் நீளமானது. ஒரு ரப்பர் வளையத்தை முறுக்கி விடுவதே அதன் எஞ்சின். நாம் நடக்கும் வேகத்திலும் குறைந்த வேகத்தில், வட்டமிட்டு வட்டமிட்டு மேலேறி, மெல்ல இறங்கி வரும். அதிக நேரம் பறப்பதே வெற்றி. கைதேர்ந்தவர்களின் விமானங்கள் அரை மணி நேரத்துக்கு மேலும் தரை தொடாமல் பறந்திருக்கின்றன. இது எப்படி முடிந்தது என்பதன் வரலாறு சுவையானது.

ஓர் இளைஞரின் பொம்மை

ரப்பர் முறுக்கினால் விமானத்தைப் பறக்கவிடும் முறையைப் புகழ்பெறச் செய்தவர் பிரான்ஸ் நாட்டு அல்போன்ஸ் பெனோ. 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், பாரிஸ் நகரத்து டூலரிப் பூங்காவில், அறிஞர்கள் முன்னிலையில் அவர் தம் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அப்போது அவருக்கு வயது 21. 16 கிராம் எடையுள்ள அது, 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் தூரம் நிலைகுலையாமல் பறந்தது. முன் சிறகுக்குப் பின்னால் ஒரு சிறு வால் சிறகைத் தக்க கோணத்தில் பொருத்தினால் விமானம் தானாகவே சமநிலை காக்கும் என்பதை அவர் காட்டினார். இன்றைய பயணி விமானத்தின் வாலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பெனோ முழு அளவு விமானம் ஒன்றையும் வரைந்தார். அதைக் கட்டப் பொருளுதவி கிட்டவில்லை. மனமுடைந்த அவர் 1880இல், 30 வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆனால் அவர் கருத்து மாயவில்லை. பெனோவின் அமைப்பைப் பின்பற்றிச் செய்த, ரப்பரால் இயங்கும் பறக்கும் பொம்மை ஒன்றை 1878இல் அமெரிக்காவில் ஒரு தந்தை தம் இரு மகன்களுக்கு வாங்கி வந்தார். மூத்தவனுக்கு வயது 11, இளையவனுக்கு 7. அவர்களே வில்பர் ரைட், ஆர்வில் ரைட். பறத்தலில் தங்கள் ஆர்வம் அப்பொம்மையில் தொடங்கியது என்று பின்னாளில் அவர்களே கூறினர். பெனோவின் விமானம் பறந்ததற்கு மறுநாள், 1871 ஆகஸ்டு 19இல் பிறந்தவர் ஆர்வில் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

நீரின் மேல் வார்த்த சிறகு

பொம்மை நிலையிலிருந்து போட்டி நிலைக்கு உயர்த்தியவை இரண்டு பொருள்கள். ஒன்று பால்சா மரம். தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் மிகுதியாக விளையும் இம்மரம், எடையில் தக்கையோடு ஒப்பிடத்தக்கது. எடைக்கேற்ற உறுதியோ மிக அதிகம். மற்றொன்று நுண்படலம். செல்லுலோஸ் நைட்ரேட் கரைசலைத் தொட்டி நீரின் மேல் ஒரு கரண்டி ஊற்றினால், அது நொடியில் பரவி மெல்லிய ஏடாக உறையும். அதைக் கம்பி வளையத்தால் மெதுவாகத் தூக்கிச் சிறகின் மேல் போர்த்துவார்கள். அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மழைநீரில் சிந்திய எண்ணெயைப் போல் அது வானவில் வண்ணம் காட்டும். அவ்வண்ணத்தைப் பார்த்தே படலத்தின் தடிப்பை மதிப்பிட்டனர் பறக்கவிடுவோர். ஒளி அலைகளின் குறுக்கீட்டு விளைவு, இவ்வாறு கைவினைஞனின் அளவுகோலாயிற்று. 1930களில் பரவிய இம்முறையின் இடத்தை இன்று மிக மெல்லிய பிளாஸ்டிக் ஏடுகள் பிடித்துக்கொண்டன.

இவ்வளவு மெல்லிய விமானம் வெளிக்காற்றில் ஒரு நிமிடமும் தாங்காது. மூச்சுக் காற்றுப் பட்டாலே வழி மாறும். ஆகவே உயர்ந்த, அடைத்த கூடங்கள் தேவைப்பட்டன.

இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பலின் வீடு

அத்தகைய கூடங்களை எவரும் மாதிரி விமானத்துக்காகக் கட்டவில்லை. ஆகாயக் கப்பல்களுக்காகக் கட்டினார்கள். இங்கிலாந்தின் கார்டிங்டன் கூடங்கள் புகழ் பெற்றவை. அங்குள்ள கூடம் ஒன்றின் கூரையை உயர்த்தி, நீளத்தை 247 மீட்டராகப் பெருக்கி, ஆர்.101 என்னும் ஆகாயக் கப்பலைக் கட்டினர். இந்தியாவை இங்கிலாந்தோடு வான்வழியே இணைப்பது அதன் நோக்கம். அன்று பிரிக்கப்படாத இந்தியாவில் இருந்த கராச்சியில், அதை வரவேற்க ஒரு மாபெரும் கூடமும் எழுந்தது. 1930 அக்டோபர் 4ஆம் நாள் மாலை, 54 பேருடன் ஆர்.101 கராச்சியை நோக்கிப் புறப்பட்டது. மறுநாள் விடியுமுன் பிரான்சின் போவே நகருக்கருகே தரையில் மோதி எரிந்தது. 48 பேர் மாண்டனர். பிரிட்டனின் ஆகாயக் கப்பல் திட்டம் அத்தோடு முடிந்தது. கராச்சிக் கூடம் ஒரு கப்பலையும் காணாமலே பிற்காலத்தில் இடிக்கப்பட்டது.

கார்டிங்டன் கூடமோ நின்றது. பெருங்கப்பல் குடியிருந்த இடத்தில் ஒரு கிராம் விமானங்கள் குடியேறின. 1960களில் தொடங்கிய உலகப் போட்டிகள் சில அங்கே நடைபெற்றன. அமெரிக்காவிலும் அக்ரன், லேக்ஹர்ஸ்ட், டஸ்டின் ஆகிய இடங்களில் இருந்த ஆகாயக் கப்பல் கூடங்கள் இவ்வாறே பயன்பட்டன. ருமேனியாவில் ஸ்லேனிக் என்னும் ஊரின் பழைய உப்புச் சுரங்கம் மற்றோர் அரங்கு. 208 மீட்டர் ஆழத்தில், 54 மீட்டர் உயரம் குடைந்த அறைகளில், ஆண்டு முழுவதும் மாறாத குளிரில் அங்கே காற்று அசைவற்று நிற்கிறது.

போட்டி நாளில் கூடத்தின் கதவுகளை அடைத்துவிடுவர். வேகமாக நடக்கவும் மாட்டார்கள். விமானம் கையை விட்டபின் அதை இயக்க எவ்விதக் கருவியும் கிடையாது. உத்தரத்தில் மோதப் போகிறது என்றால் மட்டும், நூல் கட்டிய வாயுப் பலூனை மேலே விட்டு அந்நூலால் மெல்லத் திருப்பலாம். ஆறு முறை பறக்கவிட்டு, சிறந்த இரண்டின் நேரத்தைக் கூட்டி முடிவு சொல்வர்.

ஒரு கிராம் ரப்பரின் கணக்கு

நன்கு முறுக்கிய ஒரு கிராம் ரப்பரில் சேமிக்கத்தக்க ஆற்றல் ஏறத்தாழ 10 ஜூல். ஒரு கிலோ அரிசியை ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் செலவாகும் ஆற்றல் அவ்வளவே. இதைக் கொண்டு அரை மணி நேரம் பறக்க வேண்டுமானால், நொடிக்குச் செலவாகும் திறன் ஒரு வாட்டில் ஆயிரத்தில் சில பங்குகளாக இருக்க வேண்டும்.

எடைக் குறைப்பின் பயன் இங்கேதான் விளங்குகிறது. சிறகின் பரப்பும் வடிவமும் மாறாமல் எடை மட்டும் பாதியானால், பறக்கத் தேவைப்படும் திறன் பாதியாகக் குறைவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. விமானம் இலேசானால் அது தாங்கும் விசையும் குறைவு, பறக்க வேண்டிய வேகமும் குறைவு. இரண்டும் சேர்ந்தே இப்பயன் கிட்டுகிறது.

மற்றொரு செய்தி. காற்றின் பாகுத்தன்மை பெரிய விமானத்துக்குப் பொருட்டல்ல. சிறிய, மெதுவான விமானத்துக்கோ அது பெருந்தடை. இந்த வேறுபாட்டை அளப்பது ரெனால்ட்ஸ் எண். பயணி விமானச் சிறகுக்கு அது கோடிக்கணக்கில் இருக்கும். நம் சிறு விமானத்துக்குச் சில ஆயிரங்களே. இந்நிலையில் தடித்த சிறகைவிட, சற்றே வளைந்த மெல்லிய தகடு போன்ற சிறகே சிறந்தது. தும்பியின் சிறகு மெல்லியதாக இருப்பதன் பொருள் இதனால் புரியும்.

1997இல் அமெரிக்காவின் ஸ்டீவ் பிரவுன், டஸ்டின் கூடத்தில் 63 நிமிடம் 54 விநாடி பறக்கவிட்டார். அன்று சிறகு 65 செ.மீ. வரை இருக்கலாம், எடை ஒரு கிராமுக்குக் குறையக் கூடாது, ரப்பருக்கு வரம்பில்லை. பிறகு விதிகளைக் கடுமையாக்கினர். இன்று சிறகு 55 செ.மீ.க்கு மிகக் கூடாது; ரப்பர் நீங்கலாக எடை 1.4 கிராமுக்குக் குறையக் கூடாது, ரப்பர் 0.4 கிராமுக்கு மேல் கூடாது.

மறையும் கூடங்கள்

இக்கலைக்கு வேண்டிய பொருள் மிக மலிவு; இடமோ மிக அரிது. இரவல் கூடங்களை நம்பியே அது வளர்ந்தது. கார்டிங்டன் கூடங்களில் ஒன்று திரைப்படப் படப்பிடிப்புக்குப் போயிற்று. டஸ்டினில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரத்தாலேயே கட்டிய இரு கூடங்களில் ஒன்று 2023 நவம்பரில் தீக்கிரையாயிற்று. கூடம் போனால் சாதனை மட்டுமன்று, கையறிவும் போய்விடும். படலம் வார்ப்பதும், பால்சாவைச் சீவுவதும் ஒருவர் செய்யப் பார்த்து மற்றவர் கற்கும் வேலைகள்.

நம் மாணவர்களுக்கு

இராமேசுவரத்தில் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை பறப்பதை வகுப்பில் விளக்கியும் மாணவர்களுக்கு விளங்காததால், அவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினார். அம்மாணவர்களில் ஒருவர் அப்துல் கலாம். தம் வாழ்வின் திசையை அந்தப் பாடம் முடிவு செய்தது என்று அவர் பல மேடைகளில் கூறியிருக்கிறார். அப்பாடத்துக்கு ஆன செலவு ஒன்றுமில்லை.

இதற்கும் பெருஞ்செலவு இல்லை. மெல்லிய மூங்கில் சீவல், மிக இலேசான பிளாஸ்டிக் தாள், ஒரு ரப்பர் வளையம் போதும். பட்டத்துக்கு மூங்கில் சீவத் தெரிந்த கைக்கு இது புதிதன்று. ஆகாயக் கப்பல் கூடம் நமக்கில்லை. ஆனால் பள்ளிக் கூடமும் கல்யாண மண்டபமும் இருக்கின்றன. புயலுக்கு அஞ்சி நம் கடலோர மாவட்டங்களில் கட்டிய பாதுகாப்பு மையங்களும் உள்ளன. புயலில்லா நாளில் அவற்றின் சன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டால், அதுவே அரங்கு.

முதலில் பத்து விநாடி பறந்தால் போதும். பெனோவுக்குக் கிடைத்தது பதினொன்று. முறுக்குகளை எண்ணுங்கள், எடையைக் குறியுங்கள், நேரத்தை அளந்து வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு கிராம் குறையும்போதும் எத்தனை விநாடி கூடுகிறது என்பதை அந்த வரைபடமே சொல்லிவிடும்.